கதிர்வீச்சு பட்ட சென்சாரைச் சோதிக்க லேசரா, ஸ்ட்ரான்சியமா?

கோவையில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் எல்ஜிஏடி சென்சார்களை (துகள் தரும் சிக்னலைத் தனக்குள்ளேயே பெருக்கும் மெல்லிய சிலிக்கான் சென்சார்கள்) சோதிக்க மேசை அமைத்தபோது, 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரா, எலக்ட்ரான்களை உமிழும் ஸ்ட்ரான்சியம்-90 பீட்டா சோர்ஸா என்ற கேள்வி வந்தது. சோர்ஸைத்தான் எடுத்தோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஐரோப்பாவின் செர்ன் துகள் ஆய்வுக்கூடத்தில் அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு பெரிய டிடெக்டர்களுமே இந்த 50 மைக்ரான் சிலிக்கானை நம்பித்தான் துகள் வந்த நேரத்தை 30 பிக்கோ செகண்ட் அளவுக்குத் துல்லியமாகக் குறிக்கப் போகின்றன. கதிர்வீச்சு படப்பட, சிக்னலைப் பெருக்கும் அடுக்கிலுள்ள போரான் செயலிழந்து சிக்னல் சிறுத்துவிடும். கார்பன் சேர்த்த சென்சாரில் இந்தத் தேய்மானம் மெதுவாக நடக்கும்.

வேகத்தில் லேசர்தான் கெட்டி. சோர்ஸில் போதுமான எலக்ட்ரான்கள் பதிவாக ஒவ்வொரு வோல்டேஜுக்கும் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள், பூட்டிய பெட்டி, பதிவேடு என்ற வேலைகளும் உண்டு.

எங்களைத் தீர்மானிக்க வைத்தது குளிர். கதிர்வீச்சு பட்ட சென்சாரில் கசிவு மின்னோட்டம் அதிகம், அதனால் மைனஸ் 30 டிகிரியில் அளக்கிறோம். சிலிக்கான் குளிர்ந்தால் 1064 ஒளியை உறிஞ்சுவது குறைந்துவிடும். அறை வெப்பத்தில் சரிபார்த்து வைத்த லேசர் அளவு அங்கே செல்லாது, மறுபடி அளவீடு செய்தாக வேண்டும். ஒரு மாதம் லேசரை இரவல் வாங்கிப் பார்த்தோம், பாதி நாள் இதற்கே போயிற்று. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தைக் கொண்டுவரும் நாட்களில், கோவை கணபதி பகுதிப் பட்டறையில் கடைந்து வாங்கிய அலுமினியப் பெட்டியின் கண்ணாடியில் பனி படிந்து ஒளியையே சிதறடித்தது. உலர் நைட்ரஜன் எந்நேரமும் ஓடவேண்டியிருந்தது. ஸ்ட்ரான்சியத்துக்கு ஒளி சிதறும் தொல்லையும் இந்த மறு அளவீடும் கிடையாது. அதன் வீரியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 29 ஆண்டு ஆகும், லேசர் ஒளிக்கு வேண்டியதுபோல் எலக்ட்ரானுக்கு சென்சாரின் உலோகப் பூச்சில் திறப்பும் வேண்டாம்.

இன்னொன்று, லேசரில் கிடைக்கும் நேர அளவு அழகாகத் தெரியும். நிஜத் துகள் சிலிக்கானுக்குள் சீரற்று விட்டுச்செல்லும் ஆற்றல், அதாவது லாண்டாவ் ஏற்றத்தாழ்வு, அதில் இருக்காது. 50 மைக்ரானில் அது மட்டுமே சுமார் 25 பிக்கோ செகண்ட் சேர்க்கும். சென்சார் டிடெக்டரில் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய அதையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

நான் சொல்வது நாலைந்து சென்சாரை வைத்துப் பார்த்த அனுபவம்தான். பேடுகளுக்கு (சென்சாரின் தனித்தனிச் சிக்னல் கட்டங்களுக்கு) இடையே உள்ள இடைவெளியை வரைபடமாக்க எங்கள் மேசையில் லேசர் இல்லாமல் முடியாது. அடுத்த நிதி வந்தால் அதற்காகவே ஒன்று வாங்குவோம்.