சியாங் மாயில் பாதி ஆண்டு: பைக் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? சாமானை எங்கே விடுவது?

வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்துக்கு நவம்பரில் வந்து பிப்ரவரிக்குள் கிளம்பிவிடுபவர்கள் ஏராளம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை வயல்களிலும் காடுகளிலும் மூட்டும் தீயின் புகை, மலை சூழ்ந்த அந்த நகரத்தில் தேங்கி நிற்கும். கூடவே கடும் வெயில். மே நடுவில் தொடங்கும் மழை அக்டோபர் வரை நீளும். 2024 ஜூலையில் அறிமுகமான டி.டி.வி. (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) 5 ஆண்டு செல்லும், ஒரு நுழைவுக்கு 180 நாள் தங்கலாம். மடிக்கணினியில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கும் ஆண்டுதோறும் போய்வரும் இந்த முறை கைக்கு எட்டியிருக்கிறது.

இப்படி வாழ்பவரின் வண்டி நாலு மாதம் ஓடும், எட்டு மாதம் நிற்கும். நிற்கும் எட்டும் புகை, வெயில், மழை மாதங்கள். சொந்த வண்டி லாபமா நட்டமா என்பது அந்த எட்டு மாதம் அது எங்கே, யார் பொறுப்பில், எப்படி நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

மூன்று ஆண்டுக் கணக்கு

ஹோண்டா கிளிக் 125 ரக ஸ்கூட்டரை எடுத்துக்கொள்வோம். மாத வாடகை கிட்டத்தட்ட 2,500 முதல் 3,500 பாத் (தாய்லாந்து நாணயம்), சராசரி 3,000. நல்ல நிலையில் உள்ள பழைய வண்டி சுமார் 30,000 பாத். மூன்று ஆண்டு வைத்திருந்து 20,000க்கு விற்றால் தேய்மானம் 10,000.

சாலை வரி ஆண்டுக்கு 100 பாத். 'போ ரோ போ' எனப்படும் கட்டாயக் காப்பீடு 125 சிசி வரையிலான வண்டிக்கு சுமார் 323 பாத். ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்கு 'தோ ரோ ஓ' நிலையத்தில் பரிசோதனை, 60 பாத். மூன்றும் சேர்ந்தால் மூன்று ஆண்டில் 1,450 பாத் அளவுக்கு வரும். ஆயில், சர்வீஸ் 4,500. இரண்டு முறை பேட்டரி 1,500. ஒரு ஜோடி டயர் 2,000. ஆக, நிறுத்தும் செலவைச் சேர்க்காமல் ஏறக்குறைய 19,500 பாத்.

ஆண்டுக்கு நாலு மாதம் வாடகைக்கு எடுத்தால் மூன்று ஆண்டில் 36,000. சொந்த வண்டியை மாதம் 500 பாத் கொடுத்து நிறுத்தினால் 12,000 கூடி மொத்தம் 31,500 ஆகிறது. மிச்சம் வெறும் 4,500. அந்தக் காசுக்காகப் பதிவு அலுவலகத்தில் அரை நாள், பேட்டரி வேலை, திருட்டுப் பயம் எல்லாவற்றையும் ஏற்பது வீண். நிறுத்துமிடம் இலவசமாகவோ மிகக் குறைவாகவோ கிடைத்தால் மிச்சம் 16,000ஐத் தாண்டும். அப்போது வாங்கலாம்.

ஆண்டுக்கு இரண்டு மாதம் மட்டும் வருபவருக்கு வாடகை 18,000தான். சொந்த வண்டிக்கு நிறுத்தக் கட்டணத்தோடு 34,500 ஆகும். யோசிக்கவே வேண்டாம், வாடகைதான். ஆறு மாதம் தங்குபவருக்கு வாடகை 54,000, சொந்த வண்டி 28,500. அவர் வாங்காமல் இருப்பதுதான் தவறு.

வந்ததும் வாங்கிப் போகும்போது விற்பது மூன்றாவது வழி. காகிதத்தில் அழகாகத் தெரியும். நடப்பில் மூன்றிலும் இதுதான் மோசம். எல்லாரும் வாங்கும் நவம்பரில் விலை ஏறியிருக்கும். எல்லாரும் விற்கும் பிப்ரவரியில் இறங்கியிருக்கும். விமான நாள் நெருங்க நெருங்கப் பேரம் பேசும் வலு போய்விடும். ஆண்டுக்கு ஒரு முறை 5,000 பாத் இப்படிக் கரைந்தால், வண்டியை வைத்திருப்பவருக்கு மூன்று ஆண்டில் ஆகும் தேய்மானத்தை இரண்டே ஆண்டில் இழந்துவிடுவீர்கள்.

வாடகைக்கு எடுப்பவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள். ஒரு கீறலுக்குக் கடைக்காரர் சொல்லும் தொகையைக் கொடுக்காமல் அது திரும்பாது. நகலும் 3,000 முதல் 5,000 பாத் வரை ரொக்க முன்பணமும் ஏற்கும் கடைகள் உண்டு, தேடுங்கள். இரண்டாவது, வண்டியை எடுக்கும்போதே நாலு பக்கமும், அடிப்பாகமும், ஓடிய கிலோமீட்டரும் தெரிய வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் பெயரில்?

வாங்குவது என்று முடிவானால் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். பாஸ்போர்ட்டோடு குடிநுழைவு அலுவலகம் தரும் வசிப்பிடச் சான்று வேண்டும். அதற்குப் போனால், நீங்கள் தங்கியிருப்பதை வீட்டுக்காரர் டி.எம்.30 படிவத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று பார்ப்பார்கள். ஆகவே அறை எடுக்கும் அன்றே டி.எம்.30 ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எந்த விசாவுக்குச் சான்று தருவார்கள் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சான்றைக் கையில் வாங்கிவிடுவது நல்லது.

பழைய வண்டி என்றால் பச்சைப் புத்தகம் எனப்படும் பதிவுப் புத்தகம்தான் உயிர். அதில் உரிமையாளர், வைத்திருப்பவர் என்று இரண்டு இடங்கள் உண்டு. உரிமையாளர் இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை என்று பொருள், விலகிவிடுங்கள். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அலுவலகத்திலும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

விற்பவர் கையெழுத்திட்ட படிவங்களையும் அடையாள அட்டை நகலையும் கொடுத்து, "அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் முறைக்கு அங்கே 'ஓன் லோய்' என்று பெயர். பாதி ஆண்டு வெளியே இருப்பவருக்கு இது ஆகவே ஆகாது. நீங்கள் திரும்பி வருவதற்குள் அந்த அடையாள அட்டை காலாவதியாகலாம், விற்றவர் தொலைபேசி எண்ணை மாற்றியிருக்கலாம். அவரையும் அழைத்துக்கொண்டு நிலப் போக்குவரத்து அலுவலகம் போய் அன்றே மாற்றிவிடுங்கள். தாய்லாந்து நண்பர் பெயரில் பதிவதும் இதே வகைதான். நட்பு முறிந்தால் வண்டியும் போகும்.

வரியைக் காலாவதிக்கு 90 நாள் முன்பிருந்தே கட்டலாம். நீங்கள் ஊரில் இல்லாத மாதத்தில் முடிகிறதா என்று புறப்படும் முன் பாருங்கள். தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் அபராதம், அது பெரிதில்லை. மூன்று ஆண்டு கட்டாமல் விட்டால் பதிவே ரத்தாகும், அதுதான் பெரிய தொல்லை. ஒரு பருவம் வர முடியாமல் போனாலும், உரிமையாளர் நேரில் இல்லாமலே வேறொருவர் வரியைக் கட்டலாம்.

போ ரோ போ ஆள் காயத்துக்கு மட்டும்தான். வண்டி திருடுபோனால் ஒரு பாத் வராது. எட்டு மாதம் ஆளில்லாமல் நிற்கும் வண்டிக்குத் திருட்டையும் சேர்க்கும் தனிக் காப்பீடு புது வண்டிக்கு எளிதில் கிடைக்கும், பழையதற்குக் கிடைப்பது கடினம். புது வண்டிக்கு உள்ள உண்மையான சாதகம் இது ஒன்றே.

எந்த வழியானாலும் உரிமம் இருசக்கர வண்டிக்கானதாக இருக்க வேண்டும். இந்தியாவில் எடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டு செல்லும். அதில் பைக் வகுப்புக்கு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கார் உரிமம் மட்டும் வைத்திருப்பவருக்கு அது வராது. அது இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைச் செலவைத் தராது. ஆண்டுதோறும் வருபவர் தாய்லாந்து உரிமமே எடுத்துவிடலாம்: முதலில் 2 ஆண்டு, புதுப்பித்தால் 5 ஆண்டு.

எட்டு மாதம் நிறுத்தும் முறை

"வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி விடுங்கள்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். ஐந்து நிமிடத்தில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது. எரியும்போது உண்டாகும் நீராவி சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தங்கித் துருவைக் கொடுக்கும். ஸ்டார்ட்டர் உறிஞ்சிய மின்சாரமும் பேட்டரிக்கு முழுதாகத் திரும்பாது. பத்து கிலோமீட்டர் ஓட்ட ஆள் இருந்தால் ஓட்டட்டும். இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

கிளம்பும் வாரத்தில் செய்ய வேண்டியது பெட்ரோலிலிருந்து தொடங்குகிறது. அங்குள்ள பெட்ரோல் பங்குகளில் கேசஹால் 91, 95 இரண்டிலும் 10 சதவீதம் எத்தனால். இ20ல் 20 சதவீதம். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் நீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் பிரிந்து நிற்கும். பம்பும் இன்ஜெக்டரும் கெடுவது இதனால்தான். இருக்கும் பெட்ரோலை ஓட்டித் தீர்த்துவிட்டு, எத்தனால் கலக்காத பென்சின் 95ஐ விளிம்புவரை நிரப்புங்கள். கிளிக்கில் ஐந்தரை லிட்டர் பிடிக்கும். விலை கூடுதல், எல்லாப் பங்கிலும் கிடைக்காது, ஆனாலும் தேடிப் போவது தகும். நிரப்பிய பின் கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் அது இன்ஜெக்டர் வரை போகும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து பெட்ரோலை வடித்துவிட வேண்டும்.

ஆயிலைப் போகும் முன் மாற்றுங்கள், வந்த பின் அல்ல. ஓடிய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், அது எட்டு மாதம் பேரிங்குகளில் ஊறிக் கிடக்கக் கூடாது. கிளிக் 125க்கு 0.8 லிட்டர் போதும்.

பேட்டரியின் கறுப்பு முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது சிவப்பை முதலில். எடுத்து வைத்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் போட ஆள் இருந்தால் அடுத்த பருவத்துக்கும் வரும். ஆள் இல்லையென்றால் புது பேட்டரிக்கு 750 பாத் ஒதுக்கிவிடுங்கள். சூட்டில் வெறுமையாகிக் கிடந்த பேட்டரியைச் சார்ஜ் செய்து ஓட்டினால் எங்காவது மலைப்பாதையில் கைவிடும். ஸ்மார்ட் கீ வண்டிகளில் பேட்டரி தீர்ந்தால் பூட்டும் சீட்டும் மக்கர் செய்யும். அவசரமாகத் திறக்கும் வழியைக் கையேட்டில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் சின்ன வேலைகள். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, டயரில் வழக்கத்தைவிட 5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காற்று. சைலன்சர் வாய்க்குப் பிளாஸ்டிக் பையும் ரப்பர் பேண்டும், அதை எடுக்க மறக்காமலிருக்க ஹேண்டிலில் ஒரு சிவப்பு ரிப்பன். பிளாஸ்டிக் தாளால் மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று நட்டு போல்ட்டெல்லாம் துருவேறும். துணி உறை போதும். அரிசி, தீவனம் வைக்கும் கொட்டகை பக்கம் வேண்டாம். எலி வந்தால் ஒயரைக் கடிக்கும், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு கட்டும்.

இடம் தரைத்தளம் என்றால் வெள்ளத்தையும் கேளுங்கள். 2024 அக்டோபர் தொடக்கத்தில் பிங் ஆறு நவரத் பாலத்தருகே 5.30 மீட்டருக்கு உயர்ந்தது, அதுவரை காணாத அளவு. நைட் பஜார், சாங் க்லான் பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. ஆற்றோரத்து வீட்டின் இலவச நிறுத்தத்தைவிட மேட்டுப் பகுதியில் 500 பாத் கொடுப்பது மேல்.

சாமான்

அறையை ஆண்டு முழுக்க வைத்திருப்பது பலர் செய்வது. மின்விசிறி மட்டும் உள்ள எளிய அறைக்கே மாதம் 3,000 பாத் என்றால் ஆளில்லாத எட்டு மாதத்துக்கு 24,000. உள்ளே இருக்கும் குக்கர், மானிட்டர், மெத்தை விரிப்பு எல்லாம் சேர்ந்தே அவ்வளவு பெறாது. பூட்டிய அறையில் பூஞ்சையும் பிடிக்கும். ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர், அறையோடு வண்டி நிறுத்தமும் கிடைத்தால் மட்டும் இதை நினைக்கலாம்.

தனியார் சேமிப்பு அறையில் பூட்டும் கேமராவும் உண்டு. ஒப்பந்தத்தில் பாருங்கள்: குறைந்தபட்ச மாதங்கள், குளிரூட்டியது தானா, எந்தத் தளம், காப்பீட்டு உச்ச வரம்பு. பைக்கை ஏற்கும் இடங்களில் டேங்கைக் காலி செய்யச் சொல்லலாம். அப்படியானால் பென்சின் 95 யோசனையை விட்டு, முழுக்க வடித்துவிடுங்கள்.

வீட்டுக்காரர் அல்லது விருந்தினர் இல்லக்காரரிடம் விடுவது மலிவு. நாலு மாதம் வருபவருக்கு அதையே சொல்வோம். ஆனால் இலவசமாக விடாதீர்கள். மாதம் 200 பாத் ஆனாலும் கொடுங்கள். காசு வாங்கிய பெட்டியை யாரும் மழையில் தள்ளிவிட மாட்டார்கள். படத்தோடு பட்டியல், திரும்பும் மாதம், வராவிட்டால் என்ன செய்யலாம் என்பது மூன்றையும் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லம் கைமாறினால் புது ஆளிடம் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். இடம் தேடும்போது வண்டியை முன்வைத்துத் தேடுங்கள். வண்டிக்கு இடம் தருகிற வீட்டில் இரண்டு பெட்டிக்கும் இடம் இருக்கும்.

பெட்டி என்றால் அட்டைப்பெட்டி இல்லை. கரையானும் ஈரமும் அதைத்தான் முதலில் தின்னும். கிளிப் மூடி உள்ள 60 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் கால் கிலோ சிலிக்கா ஜெல் போடுங்கள். ஹெல்மெட்டின் உள்துணியைக் கழற்றித் துவைத்து, நன்றாகக் காய்ந்த பின் வையுங்கள். தோல் பொருட்கள், பவர் பேங்க், மசாலாப் பொடி எதையும் விட்டுப் போகாதீர்கள். ரிமோட்டிலிருந்தும் டார்ச்சிலிருந்தும் செல்களை எடுத்துவிடுங்கள்.

நம் மிக்ஸியும் தோசைக்கல்லும் இட்லித் தட்டும் அங்கே எளிதில் கிடைக்காது. பெட்டியில் இடம்பிடிக்கத் தகுந்தவை அவைதான். மின்சாரம் இரு நாட்டிலும் சுமார் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மிக்ஸி அப்படியே ஓடும். நம் மூன்று முனை பிளக் மட்டும் அங்குள்ள சாக்கெட்டில் நுழையாது, அடாப்டரை மிக்ஸி ஜாடிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.

பச்சைப் புத்தகத்தை வண்டியின் சீட்டுக்கடியிலும் விடாதீர்கள், அந்தப் பெட்டியிலும் விடாதீர்கள். வண்டியும் புத்தகமும் ஒரே இடத்தில் கிடைத்தால் திருடுபவருக்கு விற்பது எளிதாகிவிடும். அசல் உங்கள் கைப்பையில், வரி கட்டுவதற்கு நகல் நம்பகமானவரிடம். அடுத்த நவம்பர் வர முடியாது என்று தெரிந்தால் மழை முடியும்வரை காத்திருந்து, அதிகாரப் பத்திரத்தையும் கையெழுத்திட்ட பாஸ்போர்ட் நகலையும் அசல் புத்தகத்தோடு அவருக்கு அனுப்புங்கள். விலை ஏறியிருக்கும் அந்த நவம்பரிலேயே அவர் விற்றுக் கொடுத்துவிடலாம்.