5 மீட்டர் அலுமினியப் படகுக்கு ஒற்றை அச்சு டிரெய்லர்: எடையைக் கூட்டிப் பார்த்து வாங்குங்கள்

ஆஸ்திரேலியக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் வகை இது: துத்தநாகப் பூச்சுள்ள சட்டம், நடுவே ரோலர்கள், இரு பக்கமும் தாங்கு பலகைகள். அலுமினியப் படகுக்கு நல்ல தேர்வுதான். ஆனால் பிரேக் இல்லாத மலிவு மாடலை வாங்கிவிடாதீர்கள்.

விளம்பரத்தில் இருப்பது வெறும் படகின் எடை. உடல் 400 கிலோ என்றால், 60 குதிரைத்திறன் எஞ்சின் சுமார் 115, எழுபது லிட்டர் பெட்ரோல் 50, பேட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாம் 80, டிரெய்லர் 250. மொத்தம் ஏறக்குறைய 900 கிலோ. ஆஸ்திரேலியாவில் டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம்.

அடுத்து, தாங்கு பலகை, எஞ்சின் மாட்டியிருக்கும் படகின் பின்பலகை வரை நீள்கிறதா என்று குனிந்து பாருங்கள். கால் அடி முன்னதாக முடிந்தாலும் எஞ்சினின் பாரம் அந்தரத்தில் தொங்கும். ஒவ்வொரு குலுங்கலிலும் அடித்தகடு வளையும், வெல்டிங் விரியும். இந்தக் குறை உள்ள டிரெய்லரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

காரின் இழுவைக் கொக்கியில் இறங்கும் பாரம் மொத்தத்தில் பத்து சதவீதம் அளவில் இருக்கட்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் வாலாட்டும். அச்சைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் யூ-போல்ட்டைத் தளர்த்தி அச்சைப் பின்னுக்கு நகர்த்தினால் சரியாகும். இந்த வகையில் அதற்கு வசதி உண்டு, பெரிய பலம்.

தாங்கு பலகையைச் சுற்றியுள்ள கம்பளம் உப்பு நீரைப் பிடித்து வைத்து அலுமினியத்தை அரிக்கும், கழுவியே ஆகவேண்டும். ஓடிச் சூடான சக்கர பேரிங்கோடு நீரில் இறக்காதீர்கள்: சட்டெனக் குளிரும்போது உப்பு நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.