பிஎஸ்5 வாங்குவதா, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வாங்குவதா?

வியாசர்பாடியில் ஃபுட்பால் கேம் மட்டும்தான் ஓடப்போகிறது என்றால் இந்த இரண்டு கேம் பெட்டிகளில் (கன்சோல்) எதுவும் போதும். ஈஏ ஃபுட்பால் இரண்டுக்கும் ஒரே நாளில் வருகிறது. பிஎஸ்5 வைத்திருக்கும் ராயபுரம் நண்பரோடு எக்ஸ்பாக்ஸில் இருந்தே ஆன்லைனில் மோதலாம்.

மற்ற கேம்களில்தான் வித்தியாசம். ஒரு கேமை இன்னொரு கன்சோலுக்கு மாற்ற டெவ்கிட் (கேம் தயாரிப்பவர்களுக்கான தனி கன்சோல்), டெஸ்டிங், சர்டிஃபிகேஷன் (கன்சோல் கம்பெனியின் ஒப்புதல்), அப்புறம் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் (திருத்த அப்டேட்) தனி வேலை. பத்து லட்சம் பேர் வாங்கினாலும் ஒரு கோடி பேர் வாங்கினாலும் இந்தச் செலவு பெரிதாக மாறாது. அதனால் கூட்டம் இருக்கும் பக்கம்தான் கம்பெனிகள் முதலில் போகும். 2025 மார்ச் வரை பிஎஸ்5 7.7 கோடிக்கு மேல் போயிருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் அதற்கு வெகு கீழே.

சீரிஸ் எஸ்-க்கு மெமரியும் தடை: 10 ஜிபிதான், பிஎஸ்5-இல் 16. பால்டர்ஸ் கேட் 3 பிஎஸ்5-க்கு 2023 செப்டம்பரில் வந்தது. சீரிஸ் எஸ்-இல் திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதி சரிவராததால் எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பர் ஆனது, அதுவும் அப்போது எஸ்-இல் அந்த வசதி இல்லாமல். பிளாக் மித்: வூகாங் எக்ஸ்பாக்ஸுக்கு ஒரு வருடம் தள்ளி, 2025 ஆகஸ்டில்தான் வந்தது.

பட்ஜெட் இறுக்கமா? சந்தா கட்டிப் பல கேம்கள் ஆடும் கேம் பாஸோடு சீரிஸ் எஸ் நல்ல பேரம். ஆனால் அதில் டிஸ்க் போட இடமே கிடையாது; பெரம்பூரில் பழைய டிஸ்க் மாற்றி ஆடுபவர்கள் டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5-ஐயே எடுங்கள்.