செம்பா, ஹீமா? நைட்ரைட்டை ஒடுக்கும் இரு நொதிகள்

ஆக்சிஜன் கிடைக்காதபோது சில பாக்டீரியாக்கள் நைட்ரைட்டைக் கொண்டே சுவாசிக்கின்றன. ஓர் எலக்ட்ரானும் இரண்டு புரோட்டான்களும் சேர்ந்தால் நைட்ரைட்டிலிருந்து நைட்ரிக் ஆக்சைடும் நீரும் கிடைக்கும். இப்படி எலக்ட்ரானை ஏற்றுவதுதான் ஒடுக்குதல். இந்த வேலைக்கு இயற்கை இரண்டு நொதிகளை வைத்திருக்கிறது: செம்பு நைட்ரைட் ஒடுக்கி, ஹீம்களை, அதாவது நடுவில் இரும்பு அணு அமர்ந்த வளைய மூலக்கூறுகளைக் கொண்ட சைட்டோகுரோம் சிடி1 (சுருக்கமாக சிடி1). இதில் எலக்ட்ரானைப் பெறுவது ஹீம் சி, நைட்ரைட்டை ஒடுக்குவது ஹீம் டி1. ஒரு பாக்டீரியாவில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் இருக்கும். எலக்ட்ரான் கடத்தலை ஆராய நான் எடுத்துக்கொண்டது செம்பு நொதியை.

தயாரிப்பில் போட்டியே இல்லை. செம்பு நொதிக்கு ஒரு மரபணு போதும், ஆய்வகப் பாக்டீரியாவான ஈ. கோலியிலேயே உற்பத்தி செய்துவிடலாம். ஹீம் டி1-ஐ உருவாக்கத் தனி மரபணுக் கூட்டமே வேண்டும். ஈ. கோலியிடம் அது கிடையாது.

என் முடிவைத் தீர்மானித்தது எலக்ட்ரான் செல்லும் வழிதான். செம்பு நொதியில் மூன்று ஒரேமாதிரித் துணையலகுகள். ஒவ்வொன்றிலும் முதல் வகைச் செம்பு, அசுரின் போன்ற புரதத்திடமிருந்து எலக்ட்ரானைப் பெறுகிறது. இரண்டாம் வகைச் செம்பில்தான் நைட்ரைட் வந்து அமர்கிறது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 12.5 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). முதல் செம்பைப் பிடித்திருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலமும் இரண்டாம் செம்பைப் பிடித்திருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் புரதச் சங்கிலியில் அடுத்தடுத்து இருப்பதால், எலக்ட்ரானுக்கு நேரடிப் பாலம் கிடைத்துவிடுகிறது. முதல் செம்பின் வடிவமும் எலக்ட்ரானை ஏற்றபின் அதிகம் மாறுவதில்லை. ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் விளைவு எங்கிருந்து வந்தது என்று பிரித்தறியும் வாய்ப்பு அதிகம்.

சிடி1-இல் இந்தத் தெளிவு குறைவு. பாராகாக்கஸ் பான்டோட்ரோஃபஸ் என்ற பாக்டீரியாவின் நொதியில் எலக்ட்ரான் ஏறும்போது ஹீம் சி-யைப் பிடித்திருக்கும் அமினோ அமிலமே மாறுகிறது. டி1 இரும்பைப் பற்றியிருந்த டைரோசின் என்ற அமினோ அமிலமும் விலகுகிறது. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவின் நொதியிலோ அந்த டைரோசின் இரும்பை நேராகப் பற்றுவதே இல்லை. எலக்ட்ரான் ஓட்டத்தை அளக்கிறோமா, வடிவ மாற்றத்தை அளக்கிறோமா என்ற கேள்வி விடாமல் துரத்துகிறது. ஹீம் நொதியை நான் நேரில் கையாண்டது குறைவு என்பதையும் சேர்த்தே இதைப் படியுங்கள்.

செம்பு நொதியிலும் தொல்லை உண்டு. இரண்டாம் வகைச் செம்பு எளிதில் கழன்றுவிடும். நொதி பார்வைக்கு அழகிய நீலமாகவோ பச்சையாகவோ இருக்கும். நிறம் முதல் செம்பினுடையது என்பதால் இழப்பு தெரியாது. செம்பின் அளவைச் சோதிக்காமல் வேகத்தை அளப்பது வீண். எலக்ட்ரான் தரும் வேதிப்பொருளால் நிறம் மறைந்தபின், அதன் மிகுதியை நீக்கி, காற்றுப் புகாமல் நைட்ரைட் சேர்த்தால் நிறம் திரும்பும். முதல் செம்பின் எலக்ட்ரான் பாலத்தைக் கடந்துவிட்டது என்று கண்ணாலேயே அறியலாம். ஆனால் இரண்டாம் செம்பைப் பார்க்க எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு போன்ற வேறு முறை தேவை. சிடி1-இல் இரண்டு ஹீம்களுக்கும் தனித்தனி நிறமாலைப் பட்டைகள் இருப்பது அங்கே பெரிய வசதி.

நைட்ரிக் ஆக்சைடு வெளியேறும் கட்டம்தான் உங்கள் கேள்வி என்றால் சிடி1-ஐயே எடுங்கள். ஒடுங்கிய நிலையில் பிற ஹீம்கள் அந்த வாயுவை இறுகப் பற்றிக்கொள்ள, டி1 அதை விரைவாக விட்டுவிடுகிறது.