மவுன்ட் செய்த என்எஃப்எஸ்ஸை இன்னொரு மெஷினுக்குக் கொடுக்க எந்த வழி?

கோப்புகள் இருப்பது மூல சர்வரில். அதை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) மூலம் மவுன்ட் செய்திருக்கிறது, அதாவது தன் சொந்த ஃபோல்டர் போல இணைத்திருக்கிறது, ஒரு லினக்ஸ் மெஷின்; இதை நடு மெஷின் என்போம். மூல சர்வரை எட்ட முடியாத வேறு நெட்வொர்க்கில் மூன்றாவது மெஷின் இருக்கிறது, அதற்கும் அதே கோப்புகள் வேண்டும். நடு மெஷினில் மவுன்ட் ஆகியிருப்பதையே மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால், அதாவது பிறருக்குப் பகிர்ந்தால் என்ன?

செய்யலாம். லினக்ஸ் கெர்னல் ஆவணங்களில் இதற்கென்றே ஒரு பக்கம் உண்டு. அதில் பெரும்பகுதி, எதெல்லாம் சரிவராது என்பதுதான். முதலில் எஃப்எஸ்ஐடி, அதாவது எக்ஸ்போர்ட் ஆகும் ஒவ்வொரு ஃபைல்சிஸ்டத்தின் அடையாளம். லோக்கல் டிஸ்குக்கு யுயுஐடி என்ற தனித்த அடையாள எண் இருக்கும், என்எஃப்எஸ் மவுன்டுக்கு இல்லை; எக்ஸ்போர்ட் வரியில் நாமே ஒரு எண் தரவேண்டும். மூலத்தின் உள்ளே இன்னொரு டிஸ்க் மவுன்ட் ஆகியிருந்தால் அதற்குத் தனி எண். அப்புறம் ஃபைல் ஹேண்டில், அதாவது ஒவ்வொரு கோப்பையும் குறிக்க சர்வர் தரும் அடையாளம். நடு மெஷின் தன் பங்குக்கு 22 பைட் சேர்க்கும். பதிப்பு 3-இல் மொத்த வரம்பே 64 பைட் என்பதால், மூலத்தின் ஹேண்டில் 42 பைட்டைத் தாண்டக்கூடாது. பதிப்பு 4-இல் வரம்பு 128, அதனால் 106 வரை போகலாம்.

இதெல்லாம் ஒருமுறை சரிசெய்தால் முடிந்தது. லாக் (ஒருவர் பயன்படுத்தும் கோப்பை மற்றவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டு) விஷயம் அப்படியல்ல. புதிய கெர்னல்களில், பதிப்பு 4-இல் மறு எக்ஸ்போர்ட்டின் மேல் லாக் கேட்டாலே மறுக்கப்படும். பழையவற்றில் நடு மெஷின் ரீபூட் ஆனால், மூன்றாவது மெஷின் வைத்திருந்த லாக்குகள் போய்விடும். மூல சர்வர் ரீபூட் ஆகாததால் அது கிரேஸ் பீரியடில் (ரீபூட்டுக்குப் பின் பழைய லாக்குகளை மீட்க சர்வர் தரும் அவகாசம்) இருக்காது, பழைய லாக்கை மீட்க வழியில்லை. டேட்டாபேஸ், மெயில் பெட்டி எதையும் இதன்மேல் வைக்காதீர்கள். மூல சர்வர் தொங்கினாலும் வம்புதான்: நடு மெஷினில் என்எஃப்எஸ் கோரிக்கைகளைக் கவனிக்கும் என்எஃப்எஸ்டி த்ரெட்கள் (பல காலமாக இயல்பு எண்ணிக்கை 8) ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ளும். அதே மெஷின் தன் சொந்த டிஸ்கை எக்ஸ்போர்ட் செய்திருந்தால் அதுவும் நின்றுபோகும்.

என் ஓட்டு போர்ட் ஃபார்வேர்டிங்குக்கு, அதாவது நடு மெஷினின் ஒரு போர்ட்டுக்கு வருவதை அப்படியே மூல சர்வருக்குத் திருப்பிவிடுவதற்கு. பதிப்பு 4 என்றால் டிசிபி 2049 ஒன்றே போதும். நடு மெஷின் பாக்கெட்டை மட்டும் கடத்தும், லாக்கும் மீட்பும் மூல சர்வருக்கும் மூன்றாவது மெஷினுக்கும் நேரடியாக நடக்கும். குறை இல்லாமல் இல்லை. முகவரியை மாற்றி அனுப்பினால், மூல சர்வருக்கு எல்லாரும் நடு மெஷினாகவே தெரிவார்கள். ஆளுக்கொரு அனுமதி வைக்க முடியாது. 1024-க்கு மேலான போர்ட்டிலிருந்து கோரிக்கை வந்தால் மூல சர்வரின் எக்ஸ்போர்ட் வரியில் 'இன்செக்யூர்' ஆப்ஷன் வேண்டும். மூல சர்வரின் நிர்வாகி ஒத்துழைக்காவிட்டால் இந்த வழி அடைபடலாம். பதிப்பு 3-இல் 111, அதோடு மவுன்ட்டி, லாக்டி என்ற துணைச் சேவைகளுக்கும் தனித்தனியாக என்று பல போர்ட்கள். அந்தத் தலைவலி வேண்டாம்.

மூன்றாவது மெஷின் விண்டோஸ் என்றால் நடுவில் சாம்பா (லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குக் கோப்புகளைப் பகிரும் மென்பொருள்) போடலாம். ஆனால் ஆப்லாக்கை (கோப்பைத் தன்னிடமே கேஷ் செய்ய கிளையண்டுக்குத் தரும் அனுமதி) அணைத்துவிடுங்கள்: மூலத்தில் வேறொருவர் கோப்பை மாற்றுவது சாம்பாவுக்குத் தெரியாது. ஒரே ஆள், எப்போதாவது சில கோப்புகள் என்றால் எஸ்எஸ்ஹெச் வழியே தொலைவிலுள்ள ஃபோல்டரை மவுன்ட் செய்யும் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் போதும், நடு மெஷினில் எஸ்எஸ்ஹெச் கணக்கு இருந்தால் ஆயிற்று.

மறு எக்ஸ்போர்ட் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: ரெண்டர் ஃபார்ம், அதாவது அனிமேஷன் படங்களைக் கணக்கிடும் மெஷின்களின் கூட்டம். தூரத்திலுள்ள சர்வரிலிருந்து ஒரே டெக்ஸ்சர் கோப்புகளை நூற்றுக்கணக்கான மெஷின்கள் படிக்கும்போது, ஒவ்வொன்றும் நீண்ட லிங்க்கைக் கடந்து போவது வீண். நடு மெஷினில், படித்ததை லோக்கல் டிஸ்கில் கேஷ் செய்யச் சொல்லும் 'எஃப்எஸ்சி' ஆப்ஷனோடு மவுன்ட் செய்து, அந்தக் கேஷை நிர்வகிக்கும் கேஷ்ஃபைல்ஸ்டியை எஸ்எஸ்டியில் ஓடவிட்டு, படிக்க மட்டும் என்று எக்ஸ்போர்ட் செய்யுங்கள். த்ரெட் எண்ணிக்கையையும் தாராளமாகக் கூட்டிவிடுங்கள்.