நொதித்தல் பாதியில் நின்ற பீர்: சூடா, புது ஈஸ்டா, என்சைமா?

20 லிட்டர் பீர், தொடக்க அடர்த்தி 1.060 (நீர் 1.000; சர்க்கரை கரைந்திருந்தால் கூடும், நொதிக்க நொதிக்க இறங்கும்). சர்க்கரையில் சுமார் 75 சதவீதத்தை நொதிக்க வைக்கும் ஈஸ்ட் என்பதால் 1.015 வரை இறங்க வேண்டும். ஆனால் நான்கு நாளாக 1.026-ஐ விட்டு அசையவில்லை. முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள். ஒளிவிலகலை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், ஆல்கஹால் சேர்ந்த பிறகு கூடுதலாகவே காட்டும். மாதிரியைக் குலுக்கி வாயுவை வெளியேற்றிவிட்டு, மிதக்கவிட்டு அளக்கும் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள்.

அளவு சரிதான் என்றால், ஓய்ந்தது ஈஸ்டா, தீர்ந்தது சர்க்கரையா என்று தெரிந்தாக வேண்டும். 200 மி.லி. பீரைத் தனியே எடுத்து, ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட் போட்டு, 25 டிகிரியில் வைத்து அவ்வப்போது குலுக்குங்கள். இரண்டு நாளில் அடர்த்தி இறங்கினால் குறை ஈஸ்டில். இறங்காவிட்டால் மாஷில், அதாவது முளைகட்டிய தானியத்தை வெந்நீரில் ஊறவைத்த கட்டத்தில்: 70 டிகிரிக்கு மேல் போன மாஷில், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பீட்டா அமைலேஸ் என்சைம் சீக்கிரம் செத்துவிடும், ஈஸ்ட் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் (பாதி உடைந்த மாவுச்சத்து) மிஞ்சும். இந்தச் சோதனை இல்லாமல் எதைச் சேர்த்தாலும் அது குருட்டு வைத்தியம்தான்.

ஈஸ்ட் ஓய்ந்திருந்தால் சூடே முதல் தேர்வு. 18 டிகிரியில் நின்ற ஏல் வகைப் பீரை 21–22க்கு ஏற்றி, மூடியைத் திறக்காமல் பாத்திரத்தை மெல்லச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்டைக் கிளப்பிவிட்டு மூன்று நாள் பொறுங்கள். திறந்து கிளறினால் ஆக்சிஜன் புகுந்து நனைந்த அட்டை வாடை வரும்.

அதற்கும் மசியாவிட்டால் புது ஈஸ்ட். பாக்கெட்டைப் பிரித்து அப்படியே தூவுவது பெரும்பாலும் வீண். நாலரை சதவீத ஆல்கஹாலில், சர்க்கரை குறைந்த இடத்தில் விழும் ஈஸ்ட் வேலையைத் தொடங்காமலே படிந்துவிடும். ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் உலர் மால்ட் சாறு (முளைகட்டிய தானியச் சாற்றின் பொடி) கலந்து கொதிக்கவைத்து ஆற்றி, 11 கிராம் ஈஸ்ட் போடுங்கள். நுரை பொங்கி நிற்கும்போது, பீரின் வெப்பநிலையை ஒட்டி வரச்செய்து, முழுவதையும் ஊற்றுங்கள். இந்தக் கட்டத்தில் ஈஸ்ட் சத்துப்பொடி மட்டும் போடுவதால் பெரிய பலன் இல்லை.

குளுகோஅமைலேஸ் என்சைம், மாஷில் குறை என்று உறுதியானால் மட்டும். அது டெக்ஸ்ட்ரினைக் குளுக்கோஸாக உடைத்துக்கொண்டே போகும்; நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. 1.000 வரை, அதற்குக் கீழும் இறங்கிப் பீர் நீர்த்துவிடலாம். ஸ்டவுட் எனும் அடர்ந்த கருநிறப் பீரில் இதைப் போடவே கூடாது. கொஞ்சம் இனிப்பாக இருந்தாலும் அப்படியே விடுவது மேல்.

எந்த வழியானாலும், மூன்று நாள் இடைவெளியில் இரண்டு அளவுகள் ஒன்றாக இருந்தால்தான் பாட்டிலில் அடைக்கலாம். 0.002 இறக்கம் ஏறத்தாழ ஒரு பங்கு (பீரின் கன அளவுக்குச் சமமான) கார்பன் டை ஆக்சைடைத் தரும். 1.026-இல் அடைத்த பீர் பாட்டிலுக்குள் 1.015 வரை இறங்கினால் ஐந்து பங்குக்கு மேல். சாதாரணக் கண்ணாடி வெடித்துவிடும்.