பொய்யர் தீவுக்கு ஒரு கையேடு

ரேமண்ட் ஸ்மல்லியனின் ‘வாட் இஸ் த நேம் ஆஃப் திஸ் புக்?’ 1978இல் வந்த புதிர்ப் புத்தகம். மெய்யே பேசுபவரும் பொய்யே பேசுபவரும் வாழும் தீவுதான் இதன் உயிர்.

இந்த வகைக்கு ஒரு மாதிரி: “நாங்கள் இருவருமே பொய்யர்கள்” என்கிறான் முருகன், பக்கத்தில் கண்ணன். முருகன் மெய்யன் என்றால் தன்னையே பொய்யன் என்று சொன்னதாகிவிடும்; முரண். எனவே அவன் பொய்யன், கண்ணன் மெய்யன். பலர் சறுக்குவது இங்கேதான்: ‘இருவரும் பொய்யர்’ என்பதன் மறுப்பு ‘இருவரும் மெய்யர்’ அல்ல, ‘ஒருவராவது மெய்யர்’.

டிராகுலா பகுதி இன்னும் வில்லங்கம். அங்கே மனிதர் மெய் பேசுவார், ரத்தக்காட்டேரி பொய் பேசும்; பைத்தியம் பிடித்தால் மெய்யைப் பொய்யென்றும் பொய்யை மெய்யென்றும் நம்பும். அதனால் பைத்தியம் பிடித்த ரத்தக்காட்டேரி உண்மையைத்தான் சொல்லும்! பென்சிலும் நான்கு கட்ட அட்டவணையும் கையில் வேண்டும். கடைசியில் வரும், கணிதத்தில் நிரூபிக்க முடியாத உண்மைகளும் உண்டு என்கிற கோடல் தேற்றம் பஸ்ஸில் படிக்கிற சமாச்சாரம் இல்லை.